மாமாவின் சீஸ் செலவு

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அப்பா நலமாக இருக்கிறார். நீ முதலில் தேடப்போவது இந்த வரியைத்தான் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறார், காலையில் நடக்கிறார், மருத்துவர் சொன்னபடி கனமான எதையும் தூக்குவதில்லை. தூக்குகிறவன் நான் இருக்கிறேன். நானும் நலம்.

இதை ஃபோனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். எப்படிச் சொல்வது? மணி அடித்ததும் மாமா வந்து எதிரில் உட்கார்ந்துவிடுகிறார். தையல் கடையை மூடி இத்தனை நாளாகியும் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. "ஸ்பீக்கர்ல போடுங்க மாப்பிள்ளை, புள்ள குரலைக் கேக்கணும்" என்கிறார். அப்புறம் நீ அவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறாய், அவர் உன்னிடம் மழையைப் பற்றிக் கேட்கிறார். நான் நடுவில் ஃபோன் ஸ்டாண்டு மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறாய். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னத்தைச் சொல்வது? ஆகவே கடிதம்.

எக்ஸ்ரே வேலை கிடைத்து ரயில் ஏறும்போது நீ சொன்னது நினைவிருக்கும். "அப்பாவோட சேமிப்பு மொத்தமும் பால்ல கரையுது. நீங்க டெக்னிக்கல் ஆளு. இந்தச் சீஸ் செலவைப் பாதியாக் குறைச்சு, அவரே தனியாச் சமாளிக்கிற மாதிரி பண்ணி வெச்சுட்டு வந்துடுங்க" என்றாய். சரி என்றேன். குளிர்சாதன டிப்ளமா படித்தவன், ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் குளிரறைகளையே கட்டி மேய்த்தவன், ஒரு சமையலறையைக் கட்டி மேய்க்க முடியாதா என்கிற திமிர்.

உன் அப்பா பணத்தை எங்கெல்லாம் கொட்டியிருக்கிறார் என்று பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. கடையில் பாக்கெட் பால் வாங்கிச் சீஸ் செய்கிறார். அந்தப் பாலை ஏற்கெனவே அடித்துக் கலக்கி விட்டிருக்கிறார்கள்; அது ஒழுங்காக உறையாது, கொழகொழவென்று போகும். உறைய வைக்கும் மாத்திரையை ஒன்றுக்கு நாலாகப் போடுகிறார். புளிக்க வைக்கிற நுண்ணுயிர்ப் பொடி, கல்ச்சர் என்பார்களே, அது ஒரு பொட்டலம் நாம் ஒரு வாரம் சாப்பிடுகிற விலை. அதை ஒரே தடவையில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுகிறார். சீஸின் மேல் பூசும் மெழுகை உரித்து எறிகிறார். மேலே சொன்ன எதற்கும் அளவு கிடையாது. கண் அளவுதான்.

வெப்பமானி வாங்கி வந்தேன். "ஜுரம் வந்தவனுக்கு வைங்க மாப்பிள்ளை, பாலுக்கு எதுக்கு?" என்றார். அளவெடுக்காமல் யாராவது சட்டை தைப்பார்களா என்று கேட்டேன். "உங்க கல்யாணக் கோட்டு அளவெடுத்தா தைச்சேன்? தூரத்துலேர்ந்து ஒரு பார்வை, அவ்வளவுதான்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் கோட்டின் கை இன்றைக்கும் என் விரல் நுனிவரை வருகிறது என்பதை நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

இப்போது நிலைமை வேறு. பால்காரரிடம் நேரடியாகப் பால் வாங்குகிறோம். நாமே கொதிக்க விடாமல் சூடாக்கி, ஆற்றிக்கொள்கிறோம். கல்ச்சர் பொட்டலம் இனி வேண்டாம். ஒரு பொட்டலத்தைக் கொதித்து ஆறிய பாலில் போட்டு வளர்த்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருக்கிறேன். தேவைக்கு இரண்டு கட்டி. தீரும்போது கடைசிக் கட்டியிலிருந்து மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். மாத்திரையை நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கால் பங்குதான் போடுகிறோம். பழைய மெழுகை உருக்கித் துணியில் வடிகட்டினால் மறுபடியும் புதுசுதான். சீஸை ஊற வைக்கிற உப்புத் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் கீழே கொட்டாமல், கொதிக்க வைத்து உப்புக் கூட்டி வைத்துக்கொள்கிறோம். சீஸை அழுத்த அவர் வாங்க நினைத்த இரும்பு எந்திரத்தின் விலையைச் சொன்னால் நீ மயங்கி விழுவாய். நான் ஒரு பலகை, ஒரு கீல், தண்ணீர் நிரப்பிய நாலு கேன்களில் முடித்துவிட்டேன். சீஸ் முதிர்வதற்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு ஃபிரிட்ஜ் கிடைத்தது. அதற்கு வெளியிலிருந்து வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று நானே செய்து மாட்டினேன். அதில் மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற ரிலே அவ்வப்போது ஒட்டிக்கொள்ளும். ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும்.

உன் அப்பாவும் சும்மா இருக்கவில்லை. பாலின் சூடு ஆறாமல் இருக்க மணிக்கணக்காகக் கேஸை எரிக்க வேண்டியிருந்தது அல்லவா? பழைய ரஜாய்ப் போர்வையை வெட்டிப் பானைக்கு ஒரு கோட்டு தைத்துவிட்டார். காலர் வைத்து, பொத்தான் வைத்து. அது பானைக்குக் கச்சிதமாக இருக்கிறது, எனக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சீஸிலிருந்து வடிந்த தண்ணீரைக் கீழ்வீட்டு அக்கா மாவு பிசைய வாங்கிக்கொண்டு கீரை கொடுக்கிறார்.

செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நீ வேலை பார்க்கிற ஊரில் உள்ள குளிர்பதனக் கிடங்கின் மேலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார். நீ பெண்கள் விடுதியைக் காலி செய்கிற வேலையை ஆரம்பி. வீடு எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்று எழுது. எக்ஸ்ரே அறையில் அந்த ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்காதே, இடையில் உட்கார்.

இப்படிக்கு,
வேலையை முடித்துவிட்ட,
உன் ஃபிரிட்ஜ்காரன்.


அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. அரைப் பக்கம். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் மூச்சு விட மறந்துபோவான் என்று பெயர் வாங்கியவள் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் அப்பா நாலு இடத்தில் வருகிறார். சீஸ் நன்றாக வருவதில் சந்தோஷம் என்கிறாய். வீடு பார்க்கிறேன், இங்கே வீடு கிடைப்பது கஷ்டம் என்கிறாய். முதல் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை அதிகமாக இருக்கும். சரி.

இங்கே ஒன்று நடந்துவிட்டது. பதறாதே, மாமா நன்றாக இருக்கிறார், இப்போது பக்கத்து அறையில்தான் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிடங்கு வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காக ஒரு பகல் வெளியே போனேன். போகும்போது மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்றார். திரும்பி வந்து பார்த்தால் சமையலறை முழுக்கப் பால். கோட்டுப் போட்ட பானை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. உன் அப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். கை நெஞ்சின் மேல். கீழ்வீட்டு அக்கா விசிறிக்கொண்டிருக்கிறார். "ஒண்ணுமில்ல, பானை கொஞ்சம் வெயிட்டு" என்றார் உன் அப்பா. இருபது லிட்டர் பால் கொஞ்சம் வெயிட்டாம். தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினேன். இதயத்துக்கு ஒன்றுமில்லை, தசைப் பிடிப்புத்தான் என்று மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் திட்டினார். "நீங்க படிச்சவர்தானே? இவர்கிட்ட பானையைக் குடுத்துட்டு எங்கே போனீங்க?" என்றார். 

வீட்டுக்கு வந்து தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தியில் உறைத்தது. பாக்கெட் பால் வாங்கினால் கடைப் பையன் வாசலில் வைத்துவிட்டுப் போவான். இப்போது பால்காரர் மாடி ஏற மாட்டார், நான்தான் மூன்று மாடிக்குக் கேனைத் தூக்குகிறேன். பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டுவது உன் அப்பாவால் முடியும். கல்ச்சரைக் கெடாமல் வளர்ப்பது என்னால்தான் முடியும். தண்ணீர்க் கேன்களைப் பலகையின் மேல் ஏற்றி இறக்குவது யார்? நான். ஒட்டிக்கொண்ட ரிலேவுக்கு எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று தெரிந்தவன் யார்? நான். அவர் பணமாகச் செலவழித்துக்கொண்டிருந்ததை எல்லாம் நான் என் முதுகாக மாற்றியிருக்கிறேன். செலவு குறையவே இல்லை. ஒரு நல்ல எந்திரம் கட்டி, அதன் உள்ளே ஒரு பாகமாக நானே போய் உட்கார்ந்து, வெளியே போட வேண்டிய திருகாணியை உள்ளேயிருந்து முறுக்கிவிட்டேன். முதல் வருட மாணவன் இப்படி ஒரு வரைபடம் போட்டால் கிழித்து மூஞ்சியில் எறிவார்கள்.

நீ சொன்னதில் பாதியாகக் குறைப்பது மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது. அவரே தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று சொன்னதை விட்டுவிட்டேன்.

ஆகவே எல்லாவற்றையும் மாற்றுகிறேன். சின்னப் பாத்திரம், நாலு லிட்டர். மெழுகு வேண்டாம், அழுத்த வேண்டாம், மாதக்கணக்கில் முதிர வேண்டாம். உறைந்ததை அவர் தைத்த துணிப் பையில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாளே மெத்தென்ற சீஸ். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு ஆள் செய்யலாம். அதுவும் செலவு குறைவுதான். இதை விளக்கிச் சொன்னபோது மாமாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இதுக்குப் பேரு சீஸா? இது திரிஞ்ச பாலு. கோட்டு தைக்கிறவன்கிட்ட வந்து கைக்குட்டை ஓரம் அடிச்சுக் குடுன்னு கேக்கிற மாதிரி இருக்கு" என்றார். கைக்குட்டையாகவே இருக்கட்டும் என்றேன்.  அப்புறம் அன்று முழுவதும் அவர் பேசியது பானையோடுதான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. உப்பும் கொழுப்பும் கூடாது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவர் ஒரு துணுக்குக் கூட வாயில் வைப்பதில்லை. எல்லாம் அக்கம்பக்கத்துக்கும் பேக்கரிக்காரருக்கும்தான் போகிறது. தின்னாத சீஸுக்கு எதற்கு இந்தப் பாடு? கேட்டால், "நீங்க தின்னுட்டுச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று தட்டை என் பக்கம் நகர்த்துகிறார்.

கிடங்கு மேலாளரிடம் இரண்டு வாரம் தள்ளிக் கேட்டிருக்கிறேன். காரணம் கேட்டார். சீஸ் என்றேன். "என்ன தம்பி, காலையிலேயே கிண்டலா?" என்றார். உடம்பைப் பார்த்துக்கொள். வீடு விஷயம் மறக்காதே.

இப்படிக்கு,
உன் ஃபிரிட்ஜ்காரன்.


அன்புள்ளவளே,

உன் அப்பா நலம். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார்.

சின்னப் பாத்திரத்துச் சீஸ் ஒரு வாரம்தான் ஓடியது. மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் செய்தார். நானும் கேன் தூக்குகிற வேலை இல்லாமல் நிம்மதியாக இருந்தேன், பயணப் பெட்டியைக் கூட எடுத்துத் தூசி தட்டினேன். அப்புறம் ஒரு காலை கீழே போனால், பால்காரர் பழையபடி பெரிய கேனை நிரப்பி வாசலில் வைத்திருக்கிறார். மாடிப்படியின் மேல் உன் அப்பா நிற்கிறார். "ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ளை. கெட்டிச் சீஸ். வருஷக்கணக்குல முதிரும். இந்தக் கையால கடைசியா ஒண்ணு பண்ணிப் பாத்துடறேன். நீங்கதான் வெட்டணும்" என்றார். வருஷக்கணக்கில் என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டிருந்தால் உனக்கே எரிச்சல் வந்திருக்கும்.

எனக்குக் கோபம் மாமா மேல் வரவில்லை, பால்காரர் மேல் வந்தது. நான் நாலு லிட்டர் என்று சொல்லிவிட்டுப் போன பிறகு யாரைக் கேட்டு இருபது லிட்டர் ஊற்றினீர்கள், அந்த மனிதர் சேமிப்பை உறிஞ்சத்தான் வருகிறீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் கேனின் மூடியைக் கையில் பிடித்தபடி என்னைப் பாவமாகப் பார்த்தார். "என்ன சார் இப்பிடிப் பேசுறீங்க? டெய்லர் மாஸ்டர்கிட்ட நான் எப்ப சார் காசு வாங்குனேன்? உங்க வீட்டம்மாதான் மாசம் பொறந்ததும் கரெக்டா அனுப்பிடறாங்களே. அப்பா எவ்வளவு கேட்டாலும் ஊத்துங்க, எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிக்காதீங்கன்னு சொன்னாங்க" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "ஐயோ, சொல்லிட்டேனா" என்று மூடியால் வாயை மூடிக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? இங்கே நான் கால் மாத்திரையைத் தராசில் நிறுத்து மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மெழுகில் முடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து வடிகட்டிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கிருந்து பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாய். செலவு குறைந்ததும் வந்துவிடலாம் என்று என்னிடம் சொன்னவளும் நீதான், செலவு குறையாமல் பார்த்துக்கொண்டவளும் நீதான்.

கேனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். மாமா ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய சீஸ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகள்தான் பாலுக்குப் பணம் அனுப்புகிறாளா என்று நேராகக் கேட்டேன். ஆமாம் என்று நேராகச் சொன்னார்.  அதற்கு மேல் நான் கேட்காமலே, என்னைப் பார்க்காமல், சீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவ உங்களை விட்டுட்டுப் போகல மாப்பிள்ளை. எங்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்கா."

என்ன சொல்கிறார் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவரை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேலை கொடுக்க வேண்டும், நீ ஏன் கூப்பிடவில்லை என்று நான் சும்மா உட்கார்ந்து யோசிக்கக் கூடாது என்று அவர் பானை வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தனியாக இருக்கக் கூடாது என்று நான் பானை தூக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் தின்னக் கூடாது. எனக்கு அதன் வாடையே இப்போது ஆவதில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சீஸ் தொழிற்சாலை நடத்துகிறோம்.

அப்படியானால் நீங்களும் கிளம்புங்கள், மூன்று பேரும் ஒரே இடத்தில் இருப்போம், ஃபிரிட்ஜை இரும்புக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.  ரிலே ஒட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அவரே போய்த் தட்டினார். சரியான இடத்தில்தான் தட்டினார், எப்போது கற்றுக்கொண்டாரோ. அப்புறம், "அவ கூப்பிடட்டும்" என்றார்.

 என்னிடமும் அதே பதில்தான் இருக்கிறது.

கிடங்கு வேலை போய்விட்டது. மேலாளர் நல்ல மனிதர், காத்துப் பார்த்தார். வேறு ஆளைப் போட்டுவிட்டதாக நேற்றுச் சொன்னார். "சீஸ் எப்படி தம்பி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஃபோனை வைத்தார். இதை உன்மேல் குற்றமாக எழுதவில்லை. நீ என்னை நம்பி அப்பாவை விட்டுவிட்டுப் போனாய் என்றால் அதில் எனக்குப் பெருமைதான்.  உன் அப்பாவை வண்டியில் போட்டுக்கொண்டு ஓடியபோது, அவர் என் அப்பா இல்லை என்பது எனக்கு நினைவில் இல்லை. இருக்கச் சொன்னால் இருந்திருப்பேன். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செலவு, பாதி, சமாளிப்பு என்று எனக்குப் புரிகிற பாஷையில் பேசி உட்கார வைத்துவிட்டாய். கணக்குச் சரியானால் கதவு திறக்கும் என்று நம்புகிறவன் நான். உனக்கு அது தெரியும்.

அப்பாவுக்காக மட்டும்தான் இதைச் செய்தாயா, இல்லை நான் அங்கே வர வேண்டாம் என்றா என்று ஃபோனில் கேட்க முடியாது. ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கும் அந்தப் பதில் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்க முடியவில்லை.

இப்போது அவர் கதவருகே நிற்கிறார். கடிதம் யாருக்கு என்று கேட்கவில்லை. "எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதுங்க மாப்பிள்ளை. பால் நல்லா உறையுதுன்னு எழுதுங்க" என்கிறார். எழுதிவிட்டேன். அவருடைய ஆசீர்வாதத்தையும் சேர்த்துக்கொள்.

என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு வீடு பார். ஒற்றை அறை போதும். எத்தனை மாடியானாலும் பரவாயில்லை, ஏறிப் பழகிவிட்டது. சமையலறை இல்லாவிட்டால் ரொம்ப நல்லது. வேலையை நான் வந்து தேடிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். வீடு பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்றே எழுது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா வீட்டிலிருந்து,
உன் கணவன்.